அறியா வினா

இருபத்திரண்டு ஆண்டுகளாக வினாத்தாள் தயாரித்து வருகிறேன். இரண்டு மதிப்பெண் வினா, ஐந்து மதிப்பெண் வினா, பத்து மதிப்பெண் வினா எனப் பிரித்து, ஒவ்வொன்றிற்கும் விடைக்குறிப்பு எழுதி, உறையிலிட்டு ஒட்டி அனுப்புவது கைப்பழக்கமாகவே ஆகிவிட்டது. விடை தெரியாத வினா ஒன்றைக்கூட இதுவரை நான் எழுதியதில்லை. அப்படி எழுதினால் தேர்வாணையர் என்னை நிம்மதியாக இருக்க விடமாட்டார். சென்ற வாரம் முதன்முறையாக, ஒரு விடைகூடத் தெரியாத வினாத்தாள் ஒன்றை எழுத உட்கார்ந்தேன்.

வருகிற வியாழக்கிழமை சென்னையில் ஓர் இதயநோய் நிபுணரைப் பார்க்க நேரம் கிடைத்திருக்கிறது. மூன்று மாதம் காத்திருந்து கிடைத்த நேரம். “பதினஞ்சு நிமிஷந்தாம்மா கிடைக்கும். கேக்க வேண்டியத எழுதிக்கிட்டு வந்துடுங்க” என்று தொலைபேசியில் பேசிய பெண் சொன்னார். எல்லோரிடமும் அவர் சொல்கிற வாசகமாகத்தான் இருக்கும். ஆனால் எனக்கு அது பதினான்கு மாதங்களில் யாரும் சொல்லாத சொல்லாக இருந்தது. கேட்பதற்கு எனக்கும் ஏதோ இருக்கும் என்று ஒருவர் நம்புகிறார் அல்லவா!

பதினான்கு மாதங்களுக்கு முன் ஒரு மார்கழிக் காலையில், கல்லூரியின் இரண்டாம் மாடிக்கு ஏறிக்கொண்டிருந்தபோது அது தொடங்கியது. நெஞ்சின் நடுவில் யாரோ உள்ளங்கையை வைத்து மெல்ல அழுத்துவதுபோல. பிறகு அது இடது தோளுக்கும், அங்கிருந்து தாடைக்கும் நகர்ந்தது. வகுப்பில் போய் உட்கார்ந்த பிறகும் இருபது நிமிடம் இருந்தது. அன்று நன்னூல் சொல்லதிகாரம். மாணவர்களை வாசிக்கச் சொல்லிவிட்டு, மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அதன்பின் எல்லோரும் போகிற வழியில் நானும் போனேன். ஈ.சி.ஜி., எக்கோ, டிரெட்மில். டிரெட்மில்லில் ஏதோ சந்தேகம் என்று சொல்லி ஆஞ்சியோகிராமுக்கு அனுப்பினார்கள். எந்த ஊர், எந்த மருத்துவமனை என்பது இங்கே முக்கியமில்லை. மணிக்கட்டு வழியாகக் குழாயைச் செலுத்தி, திரையைப் பார்த்துக்கொண்டிருந்த இளம் மருத்துவர் உற்சாகமாகச் சொன்னார்: “சுத்தமா இருக்கு மேடம். ஒரு அடைப்புகூட இல்ல.” வெளியே காத்திருந்த என் கணவரின் கண்கள் கலங்கிவிட்டன. சுரங்கத்தில் இரவு ஷிப்ட் முடித்து நேராக வந்திருந்தவர், கேன்டீனுக்குப் போய் இரண்டு காபி வாங்கி இரண்டையும் அவரே குடித்தார்.

நானும் மகிழ்ந்திருக்க வேண்டும். உண்மையில் எனக்கு ஏற்பட்டது வெட்கம். வலி இருக்கிறது, அதற்குக் காரணம் இல்லை என்று படம் சொல்கிறது, அப்படியானால் பொய் சொன்னது யார்? வீட்டுக்குப் புறப்படும்போது கொடுத்த தாளில் ‘அடிபிகல்’ என்று எழுதியிருந்தது. வழக்கத்துக்கு மாறான வலியாம். வாயால் சொன்னது வேறு: “மனச அலட்டிக்காதீங்க. யோகா மாதிரி ஏதாவது பண்ணுங்க.” அடுத்த வாரம் மறுபடியும் மாடிப்படியில் உள்ளங்கை அழுத்தியது. இந்த முறை நான் யாரிடமும் சொல்லவில்லை.

*

அப்பாவிடம் மட்டும் மறைக்க முடியவில்லை. எழுபத்தாறு வயது. ஆர்ச் கேட்டைத் தாண்டி வடக்குத்துப் பக்கம் ஓய்வுபெற்றவர்கள் கட்டிக்கொண்ட வீடுகளில் ஒன்றில் இருக்கிறார். சுரங்கத்தில் நிலத்தடி நீர்ப் பிரிவில் வேலை பார்த்தவர்.

நெய்வேலியை வெளியிலிருந்து பார்ப்பவர்கள் இங்கே நிலக்கரிதான் தோண்டுகிறார்கள் என்று நினைப்பார்கள். தோண்டுவது பாதி வேலை, மீதி தண்ணீர். 1957-இல் நேரு தொடங்கிவைத்த முதல் சுரங்கத்திலிருந்து இன்றுவரை அதுதான் கதை. பழுப்பு நிலக்கரிப் படுகைக்குக் கீழே அழுத்தத்தில் அடைபட்ட நீர்த்தேக்கம் ஒன்று இருக்கிறது. சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ என்ற அளவில் அது மேல்நோக்கி முட்டிக்கொண்டே இருக்கும். மேலே உள்ள மண்ணை அகற்றிவிட்டு நிலக்கரியைத் தொட்டால், அடித்தளத்தை உடைத்துக்கொண்டு நீர் பீறிடும். அதனால் முன்கூட்டியே குழாய்க் கிணறுகள் போட்டு, இரவும் பகலும் நீரை இறைத்து அழுத்தத்தைக் குறைத்த பிறகே தோண்ட முடியும். இறைக்கிற கிணறுகளைத் தவிர, பார்ப்பதற்கு மட்டுமே சில கிணறுகள் உண்டு. அப்பா அவற்றின் நீர்மட்டத்தை அளந்து குறிப்பேட்டில் எழுதுவார். தேதி, நேரம், கிணற்று எண், மட்டம்.

“ஆஞ்சியோவுல ஒண்ணுமில்லன்னுட்டாங்கப்பா” என்றேன்.

“அப்ப வலி?”

“அது இருக்கு.”

அவர் கொஞ்சநேரம் பேசாமல் இருந்தார். “மேல நின்னு பாத்தா தண்ணி தெரியாதும்மா. காய்ஞ்ச மண்ணுதான் தெரியும். அழுத்தம் இருக்கா இல்லையான்னு தெரியணும்னா தெனம் மட்டத்த எழுதணும். நீ எழுது. எப்ப வந்திச்சு, என்ன செஞ்சுகிட்டு இருந்த, எவ்வளவு நேரம் இருந்திச்சு, எப்படிப் போச்சு. நாலே கட்டம்.” உள்ளே போய்ப் பழைய நீளவாட்டுக் குறிப்பேடு ஒன்றை எடுத்துவந்து, அளவுகோல் வைத்துக் கோடு போட்டுக் கொடுத்தார்.

அந்த ஏட்டில் இப்போது எழுபத்தொரு வரிகள் இருக்கின்றன. படியேறும்போது, குளிர்ந்த விடியற்காலையில், சாப்பிட்ட உடனே நடந்தால், துறைத்தலைவரோடு வாக்குவாதம் முடிந்த அரைமணி கழித்து. நான்கு முறை எந்தக் காரணமும் இல்லாமல் அதிகாலை மூன்று மணிக்கு. உட்கார்ந்த உடனே போய்விடுவதில்லை என்பது அநேகமாக எல்லா வரிகளிலும் இருந்தது. மனப்பிரமைக்கு இத்தனை ஒழுங்கு இருக்குமா என்று எனக்குள் முதல் கேள்வி எழுந்தது அந்தக் கட்டங்களைப் பார்த்தபோதுதான்.

*

தமிழ் படித்தவளுக்குச் சொல்லில்தான் முதலில் கண் போகும். நம்மிடம் இந்த நோய்க்கு இருக்கிற பெயர் மாரடைப்பு. மார் அடைத்துக்கொள்வது. முதலில் இது நோயுற்றவரின் வாயிலிருந்து வந்த சொல்லாகவே இருந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. மார் அடைக்கிறது, மூச்சு அடைக்கிறது, தொண்டை அடைக்கிறது என்று சொல்கிறோமே, அந்த அடைப்பு. இன்று அந்தச் சொல்லைக் கேட்டால் எல்லோரும் குழாயில் ஏற்படும் அடைப்பையே நினைக்கிறோம். எத்தனை அடைப்பு, எத்தனை சதவீதம், எத்தனை ஸ்டென்ட் என்று உறவினர்கள் விசாரிக்கிறார்கள். நோயின் பெயரே அடைப்பு என்றான ஒரு மொழியில், அடைப்பு இல்லாமல் வலிக்கும் நெஞ்சுக்குப் பெயர் இல்லை. பெயர் இல்லாதது இல்லாததாகவே ஆகிவிடுகிறது.

ஆங்கிலத்தில் நடந்ததும் ஏறக்குறைய இதுதான். 1768-இல் லண்டனில் வில்லியம் ஹெபர்டன் என்ற மருத்துவர் இந்த வலியை விவரித்து ‘ஆஞ்சைனா பெக்டோரிஸ்’ என்று பெயரிட்டார். ஆஞ்சைனா என்ற சொல்லுக்கு நெரித்தல் என்று பொருள். நடக்கும்போது, அதிலும் மேட்டில் ஏறும்போதும் உண்டபின் நடக்கும்போதும், உயிரே போய்விடும்போல வருகிறது. நின்றால் போய்விடுகிறது என்று அவர் எழுதினார். அவரிடம் ஈ.சி.ஜி. கிடையாது. ஸ்டெதாஸ்கோப்கூட 1816-இல்தான் வந்தது. அவர் செய்ததெல்லாம் நோயாளிகள் சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்டு எழுதியதுதான். இருநூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த விவரணை நிற்கிறது.

அதே ஹெபர்டன், இந்த நோயோடு தாம் பார்த்த ஏறக்குறைய நூறு பேரில் பெண்கள் மூவர் மட்டுமே என்றும் குறிப்பிட்டிருக்கிறார். மீதிப் பெண்கள் எங்கே போனார்கள்? அவர்களுக்கு வலிக்கவில்லையா, வந்து சொல்லவில்லையா, சொன்னது வேறு பெயரில் எழுதப்பட்டதா?

1958-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் மேசன் சோன்ஸ் என்ற மருத்துவரின் பரிசோதனைக் கூடத்தில், சாயம் தற்செயலாக ஒரு நோயாளியின் இதயத் தமனிக்குள்ளேயே பாய்ந்துவிட, தமனிகளை நேராகப் படம் பிடிக்கும் வழி பிறந்தது. அது எத்தனையோ உயிர்களைக் காத்த கண்டுபிடிப்பு. அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அன்றிலிருந்து வலியின் சாட்சி நோயாளியின் வாயிலிருந்து திரைக்கு மாறிவிட்டது. திரை சுத்தம் என்றால் வாய் பொய்.

மருத்துவ உலகில் இந்த முரணைக் கவனித்தவர்கள் இல்லாமல் இல்லை. படத்தில் அடைப்பில்லை, வலியோ உண்மை என்ற இந்த நிலையை 1973-இல் ஹார்வி கெம்ப் ‘சிண்ட்ரோம் எக்ஸ்’ என்று அழைத்தார். தெரியாத எண்ணுக்குக் கணக்கில் வைக்கும் எழுத்து! 1991-இல் பெர்னடீன் ஹீலி என்ற பெண் இதயநோய் மருத்துவர் ‘யெந்தல் சிண்ட்ரோம்’ என்ற தலைப்பில் ஒரு தலையங்கம் எழுதினார். யெந்தல் யாரென்று இதை வாசிக்கும் நண்பர்கள் சிலருக்குத் தெரிந்திருக்கும். ஐசக் பாஷவிஸ் சிங்கரின் கதையில், வேதம் படிப்பதற்காக ஆண் வேடமிடும் பெண். ஒரு பெண்ணின் இதயநோய், ஆணுடையதைப்போல இருந்தால்தான் மருத்துவரால் அடையாளம் காணப்படுகிறது என்று சொல்ல ஹீலிக்கு ஒரு சிறுகதை தேவைப்பட்டிருக்கிறது. இலக்கியம் எதற்குப் பயன்படும் என்று கேட்கும் மாணவர்களுக்கு இனி நான் இதைச் சொல்லலாம்.

2010-இல் அமெரிக்காவில் ஏறக்குறைய நான்கு லட்சம் பேரின் ஆஞ்சியோகிராம்களை ஆராய்ந்தார்கள். இதயநோய் இருப்பதாக முன்னரே அறியப்படாமல், அவசர நிலையிலும் இல்லாமல் வந்தவர்கள் அவர்கள். பத்தில் நான்கு பேருக்கும் குறைவானவர்களிடமே பெரிய அடைப்பு இருந்தது. மற்றவர்கள் எல்லோருக்கும் இதயத்தில் கோளாறு என்று ஆகாது; உணவுக்குழாய், தசை, பதற்றம் என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனால் ஒரு பகுதியினருக்குக் கோளாறு இதயத்திலேயே இருக்கிறது. படத்தில் தெரிபவை இதயத்தின் மேற்பரப்பில் ஓடும் பெரிய தமனிகள். அரை மில்லிமீட்டருக்கும் குறைந்த விட்டமுள்ள நுண்தமனிகள் அதில் தெரிவதில்லை. இதயத் தசைக்குள் எவ்வளவு ரத்தம் போகவேண்டும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை அவையே. உழைக்கும்போது விரிய வேண்டிய அவை விரியாமல் போகலாம்; தகாத நேரத்தில் சுருங்கலாம். பெரிய தமனியே சில நிமிடம் இறுகிப்பிடித்துப் பிறகு ஒன்றுமறியாததுபோலத் தளர்ந்துவிடுவதும் உண்டு. அதை 1959-லேயே பிரின்ஸ்மெட்டல் விவரித்துவிட்டார். முன்பு இவையெல்லாம் வலியைத் தவிர வேறு தீங்கு செய்யாதவை என்று கருதப்பட்டன. 1996-இல் அமெரிக்காவில் பெண்களிடையே தொடங்கிய ‘வைஸ்’ என்ற நீண்டகால ஆய்வும் பிற ஆய்வுகளும் அந்த எண்ணத்தை மாற்றின.

2021-இல் வெளியான அமெரிக்க நெஞ்சுவலி வழிகாட்டு நெறிகள், ‘அடிபிகல்’ என்ற சொல்லையே நெஞ்சுவலிக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று பரிந்துரைத்தன. ஒரு சொல்லை நீக்குவதும் சிகிச்சைதான். என் தாளில் அந்தச் சொல் அதற்குப் பிறகும் இருந்தது என்பது வேறு விஷயம்.

*

இவ்வளவும் படித்தபின் வினாக்கள் குவிந்துவிட்டன. முதல் வரைவில் நாற்பத்திரண்டு. பதினைந்து நிமிடத்தில் நாற்பத்திரண்டு வினாக்களை எந்த நிபுணரும் தாங்கமாட்டார். எனவே கையிலிருந்த கருவியை எடுத்தேன். வினாவை ஆறாகப் பிரிக்கிறார் பவணந்தி முனிவர்: அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா. இருபத்திரண்டு ஆண்டுகள் மதிப்பெண்ணுக்காகக் கற்பித்ததை முதன்முறையாக என் தேவைக்காக எடுத்துப் பிரித்தேன்.

பிரித்துப் பார்த்ததும் நாற்பத்திரண்டில் பாதிக்கு மேல் அறிவினாக்கள் என்று தெரிந்தது. விடை தெரிந்துகொண்டே, எதிரில் இருப்பவருக்குத் தெரியுமா என்று சோதிப்பதற்காக ஆசிரியர் கேட்பது அது. ‘நுண்தமனி நோய் என்று ஒன்று இருப்பது உங்களுக்குத் தெரியுமா?’ என்பதுபோல. அவற்றில் ஆத்திரம் இருந்தது. முன்பு பார்த்த மருத்துவரிடம் கேட்டிருக்க வேண்டியதை, என்னை இன்னும் பார்த்தே இராதவரிடம் கேட்க எழுதிவைத்திருந்தேன். எல்லாவற்றையும் அடித்தேன்.

ஏவல்வினாக்கள் சில இருந்தன. ‘எனக்கு இன்ன பரிசோதனை செய்வீர்களா?’ என்று கேட்பதுபோல ஆணையிடுபவை. அவற்றைத் திருப்பி, ஐயவினாவாக எழுதினேன். இது விரியாத நுண்தமனியா, இறுகும் தமனியா, இதயமே அல்லாத வேறொன்றா? எதைக்கொண்டு பிரித்தறிவீர்கள்? இரண்டு வகைக்கும் மருந்து வேறு என்று படித்திருக்கிறேன். இப்போது நான் விழுங்கும் பீட்டா பிளாக்கர் ஒன்றுக்கு நல்லது, இறுக்கத்துக்கோ சில சமயம் ஆகாதது. அப்படியானால் எது என்று தெரியாமல் விழுங்கலாமா?

கொளல்வினா, கடையில் போய்ப் பொருள் இருக்கிறதா என்று கேட்பது. இதயத் தசையின் ரத்த ஓட்டத்தை அளக்கும் எம்.ஆர்.ஐ. அல்லது பெட் ஸ்கேன் என் விஷயத்தில் பயன்படுமா? தமனிக்குள் அசிட்டைல்கோலின் செலுத்தி அது சுருங்குகிறதா என்று பார்க்கும் சோதனை இங்கே செய்யப்படுகிறதா? அதன் ஆபத்து என்ன? 2018-இல் ஸ்காட்லாந்தில் 151 பேரிடம் நடந்த ஆய்வில், இப்படிச் சோதித்து அதற்கேற்ப மருந்து கொடுத்தவர்களுக்கு ஆறு மாதத்தில் வலி குறைந்தது என்பதால்தான் கேட்கிறேன் என்று ஒரு வரி சேர்த்துக்கொண்டேன்.

கொடைவினாவுக்கும் இடமிருந்தது. கொடுப்பதற்காகக் கேட்பது அது. ‘என்னிடம் எழுபத்தொரு வரிகள் இருக்கின்றன, பார்க்கிறீர்களா?’

மிஞ்சியவை அறியாவினாக்கள். எண்ணிப் பார்த்தால் மூன்றுதான். வலி வந்தால் நாக்கடியில் மாத்திரை வைத்து எத்தனை நிமிடம் காத்திருக்கலாம், எப்போது 108-ஐ அழைக்க வேண்டும்? மாதவிடாய் நிற்கப்போகும் வயதுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா? நான் இரண்டாம் மாடிக்கு ஏறலாமா? கடைசிக் கேள்வி அற்பமாகத் தோன்றும். ஆனால் ஏறக்கூடாது என்றால் என் நேர அட்டவணையை மாற்றக் கடிதம் எழுத வேண்டும். அடைப்பில்லாத நெஞ்சுக்குச் சான்றிதழ் எங்கே என்று அலுவலகம் கேட்கும்.

*

ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார். முடித்தபின், “எல்லாஞ் சரி. ஒண்ணு விட்டுட்ட” என்றார்.

“என்னப்பா?”

“உங்கம்மாவுக்கும் இதுதானான்னு கேளு.”

எங்கள் வீட்டில் அந்தப் பேச்சு இருபத்தொன்பது ஆண்டுகளாக இல்லை. அம்மா இறந்தது 1996 ஐப்பசியில். எனக்குப் பதினேழு வயது, அம்மாவுக்கு நாற்பத்து நான்கு. இன்று என்னைவிட இரண்டு வயது இளையவள். அடுப்படி நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். “மாருல பாரமா இருக்குடி” என்பாள். வாயு என்று மருத்துவர் சொன்னார். வாயு என்றே நாங்களும் நம்பினோம். ஓமத் திரவமும் இஞ்சி மொரப்பாவும் அலமாரியில் எப்போதும் இருக்கும். அப்பா முதல் ஷிப்ட் என்றால் விடியுமுன் எழுந்து சமைக்க வேண்டும். அந்த நேரத்தில்தான் பாரம் வரும். அவள் போன அன்று அப்பாவுக்கு இரவு ஷிப்ட். பக்கத்துவீட்டு மாமா ஸ்கூட்டரை எடுக்குமுன் எல்லாம் முடிந்துவிட்டது. 108 வருவதற்கு இன்னும் பன்னிரண்டு ஆண்டுகள் இருந்தன.

“அவ சொல்லிக்கிட்டுத்தான் இருந்தா” என்றார் அப்பா. வேறெதுவும் சொல்லவில்லை. அவர் பார்வை என் மடியிலிருந்த குறிப்பேட்டில் இருந்தது. எத்தனையோ கிணறுகளின் மட்டத்தை நாள் தவறாமல் எழுதியவர், எதை எழுதவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தாரோ. எனக்காக அளவுகோல் வைத்து அவர் கோடு போட்ட கட்டங்கள் யாருக்காக என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

அந்த வினாவுக்கு மருத்துவர் விடை சொல்ல முடியாது. ஈ.சி.ஜி. தாள் ஒன்றுகூட இல்லை. உடல் இல்லை. இருப்பதெல்லாம் மாருல பாரம் என்ற இரண்டு சொற்கள். ஆம் என்றால் பிழைத்திருப்பாளோ என்ற எண்ணம் அப்பாவை வாட்டும். இல்லை என்றால் வேறெதுவோ என்று வாட்டும். ‘வைஸ்’ ஆய்வு தொடங்கியதே அவள் இறந்த 1996-இல்தான். அன்று பெரிய நகரத்து நிபுணரும் வாயு என்றே சொல்லியிருக்கக்கூடும் என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் தலையசைத்தார். அது சமாதானமா, மறுப்பா, தெரியவில்லை.

விடை கூறும் முறை எட்டு என்பார்கள் இலக்கண நூலார். கேட்டதற்கு நேரே விடை கூறாமல், தனக்கு நேர்ந்ததைச் சொல்வது அதில் ஒன்று; உற்றது உரைத்தல் என்று பெயர். ஏன் விளையாடவில்லை என்றால் கால் வலித்தது என்று சொல்வதுபோல. வகுப்பில் இதை நடத்தும்போதெல்லாம் மாணவர்கள் சிரிப்பார்கள். நோயாளி சொல்வது எல்லாமே உற்றது உரைத்தல்தான். அதை விடையாக ஏற்பதற்கு எதிரில் ஒருவர் வேண்டும், அவ்வளவுதான். அம்மாவுக்கு நாங்கள் நான்கு பேர் எதிரில் இருந்தோம்.

இப்போது தாளில் பத்து வினாக்கள் இருக்கின்றன. ஒன்பதை வரிசையாகக் கேட்பேன். பத்தாவதைக் கேட்க நேரம் இருக்காது என்று நினைக்கிறேன், இருந்தாலும் அழிக்கவில்லை. ‘குடும்பத்தில் யாருக்காவது இதயநோய்?’ என்ற வழக்கமான கேள்வி வரும். இதுவரை எல்லாப் படிவங்களிலும் ‘இல்லை’ என்றே எழுதிவந்திருக்கிறேன். இந்த முறை, “அம்மாவுக்கு மாருல பாரம் இருந்தது. யாரும் பார்க்கவில்லை” என்று சொல்லப்போகிறேன்.

வியாழக்கிழமை விடியற்காலை வண்டி. அப்பாவும் வருகிறேன் என்கிறார்.